எடை தூக்குபவரின் ரத்தத்தில் கல்லீரல் நொதிகள் ஏன் கூடுகின்றன?

கேள்வி: எனக்கு வயது 29. ஐந்து மாதங்களாக ஜிம்முக்குச் செல்கிறேன். அலுவலகத்தில் எடுத்த முழு உடல் பரிசோதனையில் எஸ்.ஜி.ஓ.டி. 96, எஸ்.ஜி.பி.டி. 58 என வந்துள்ளது. இரண்டுக்கும் உச்ச வரம்பு 40. பிலிருபின், அல்கலைன் பாஸ்பட்டேஸ், ஜி.ஜி.டி. ஆகிய மற்ற கல்லீரல் அளவுகள் இயல்பாக உள்ளன. அதற்கு இரண்டு நாள் முன்புதான் கால்களுக்குக் கடுமையான பயிற்சி செய்திருந்தேன். எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. ஆனாலும் வீட்டில் சந்தேகப்படுகிறார்கள். அம்மா தினமும் கீழாநெல்லி அரைத்துத் தருகிறார். என் கல்லீரல் கெட்டுவிட்டதா? ஜிம்மை நிறுத்திவிடலாமா?
— வாசகர், ஈரோடு

பதில்: நீங்கள் தந்துள்ள விவரங்களைப் பார்த்தால், இந்த உயர்வு கல்லீரலிலிருந்து வந்திருப்பதைவிட உங்கள் தொடைத் தசைகளிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஆயினும் அதை ஊகமாக விட்டுவிடாமல், எளிய மறுபரிசோதனை ஒன்றால் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. ஆகிய இரண்டும் 'கல்லீரல் பரிசோதனை' என்ற தலைப்பின்கீழ் அச்சிடப்பட்டாலும், அவை கல்லீரலுக்கு மட்டுமே உரிய நொதிகள் அல்ல. எலும்புத் தசைகளிலும் அவை உண்டு; குறிப்பாக எஸ்.ஜி.ஓ.டி. தசைகளில் நிறையவே இருக்கிறது. பளுவைத் தூக்கும்போதும், அதைவிட முக்கியமாக மெல்ல இறக்கும்போதும், தசை நார்களில் நுண்ணிய சிதைவுகள் ஏற்பட்டு, உள்ளிருக்கும் நொதிகள் ரத்தத்தில் கசிகின்றன. எடைப்பயிற்சிக்குப் பழகாத ஆரோக்கியமான ஆண்கள் 15 பேரை ஒரு மணி நேரம் எடை தூக்கவைத்து ஸ்வீடனில் நடத்திய ஓர் ஆய்வு 2008இல் வெளியானது. அவர்களுக்கு இவ்விரு நொதிகளும் ஏழு நாள்களுக்குப் பிறகும் உயர்ந்தே இருந்தன. பிலிருபின், அல்கலைன் பாஸ்பட்டேஸ், ஜி.ஜி.டி. மூன்றும் இயல்பாகவே இருந்தன. உங்கள் அறிக்கையும் ஏறத்தாழ இதே வடிவில்தான் இருக்கிறது.

வீட்டாரின் சந்தேகத்துக்கும் ஒரு காரணம் உண்டு. மதுவால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களுக்கு எஸ்.ஜி.பி.டி.யைவிட எஸ்.ஜி.ஓ.டி. கூடுதலாக இருப்பது வழக்கம். கடும் பயிற்சிக்கு அடுத்த சில நாள்களிலும் அப்படியே இருக்கும். இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க உதவுவது ஜி.ஜி.டி. தொடர்ந்து குடிப்பவர்களிடம் பெரும்பாலும் உயர்ந்திருக்கும் இந்த நொதி, தசையிலிருந்து ரத்தத்துக்கு வருவதில்லை. அது இயல்பாக இருப்பது உங்கள் பேச்சுக்கு வலுச் சேர்க்கிறதே தவிர, அது மட்டுமே முழுச் சான்று ஆகிவிடாது.

எனவே பத்து நாள்கள் எடைப்பயிற்சியை நிறுத்திவைத்து, பிறகு அதே பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள், கூடவே சி.பி.கே. என்ற தசை நொதியையும் பார்க்கச் சொல்லுங்கள். (முதல் முறையே அதையும் பார்த்திருந்தால் உங்கள் வீட்டில் இவ்வளவு கலவரம் நேர்ந்திருக்காது.) கடும் பயிற்சிக்குப் பிறகு சி.பி.கே. ஆயிரக்கணக்கில்கூட ஏறலாம். ஓய்வுக்குப் பின் எல்லாம் இறங்கிவிட்டால் காரணம் தசைதான். சி.பி.கே. மட்டும் இறங்க மறுத்தால் தைராய்டு குறைபாடு, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை, தசை நோய் ஆகியவற்றை மருத்துவர் கருத்தில் கொள்வார். சி.பி.கே. இயல்பாக இருந்தும் மற்ற இரண்டும் உயர்ந்தே இருந்தால், ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனைகளும் வயிற்று ஸ்கேனும் தேவை. கொழுப்புக் கல்லீரல் ஒல்லியானவர்களுக்கும் வரும்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றையும் கேட்டாக வேண்டும்: ஜிம்மில் யாராவது மாத்திரையோ ஊசியோ பவுடரோ தந்தார்களா? ஸ்டானோசோலால் போன்ற, தசையைப் பெருக்க வாய்வழி உட்கொள்ளும் அனபாலிக் ஸ்டீராய்டுகள் கல்லீரலை உண்மையாகவே பாதிக்கக்கூடியவை. கொழுப்பைக் கரைப்பதாகச் சொல்லி விற்கப்படும் கிரீன் டீ சாறு மாத்திரைகளாலும், அஸ்வகந்தா மாத்திரைகளாலும்கூடச் சிலருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டுள்ளது. உட்கொள்வது எதுவாயினும், டப்பாவோடு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த இடத்தில் மறைப்பதுதான் ஆபத்து.

அம்மாவின் அக்கறை புரிகிறது. ஆனால் உங்களுக்கு மஞ்சள் காமாலை இல்லை. காமாலையில் உயரும் பிலிருபின் இயல்பாக இருப்பதே அதைச் சொல்கிறது. மறுபரிசோதனை முடியும்வரை கீழாநெல்லியை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அளவு இறங்கியது ஓய்வாலா, மூலிகையாலா என்பது யாருக்கும் தெரியாமல் போகும்.

முடிவு சாதகமாக வந்தால் ஜிம்மை நிறுத்தத் தேவையில்லை. எடையைப் படிப்படியாகக் கூட்டினால் போதும். ஆனால் கடும் பயிற்சிக்குப் பின் தசை வீங்கி, தாங்க முடியாமல் வலித்து, சிறுநீர் கோலா நிறத்தில் போனால், எந்த ரத்த அறிக்கைக்கும் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தசைச் சிதைவு சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கியிருக்கக்கூடும்.