ஷட்டரைத் தூக்கியாச்சு, ஜன்னலையும் திறங்க: நீலகிரி போட்டோகிராபர்களின் கேள்விகளுக்குப் பதில்

2021 ஜூலை 5 முதல் தமிழ்நாடு முழுக்கக் கொரோனா ஊரடங்கில் ஒரே மாதிரித் தளர்வு வந்தது. இரண்டாம் அலையில் கோவை, திருப்பூரோடு நீலகிரிக்கும் கட்டுப்பாடு கூடுதலாக நீடித்ததால் நம் ஸ்டுடியோக்கள் தாமதமாகத்தான் திறந்தன. 2020, 2021 இரண்டு மே மாதமும் மலர்க் கண்காட்சி இல்லை, சீசன் வருமானமும் இல்லை. ஆடி போனால் ஆவணி முகூர்த்தம் என்று எல்லோரும் காத்திருந்த அந்த நேரத்தில் வந்த கேள்விகள் இவை. சானிடைசர் பற்றித்தான் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். காற்றைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. எனக்குக் கவலை அதில்தான்.

குன்னூரில் சின்ன ஸ்டுடியோ. பத்துக்கு எட்டடி ரூம், ஜன்னல் கிடையாது. பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வருபவர் மாஸ்க்கைக் கழற்றித்தானே ஆக வேண்டும்?

கழற்றத்தான் வேண்டும். எவ்வளவு நேரம் என்பது உங்கள் கையில் இருக்கிறது. தலை சீவுவது, காலரைச் சரிசெய்வது, லைட் டெஸ்ட் எல்லாம் மாஸ்க்கோடு முடியட்டும். கடைசியில் கழற்றச் சொல்லி, நாலு பிரேம் எடுத்து, உடனே மாட்டச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் பேச்சு வேண்டாம். முகவாயைத் தூக்கு, இறக்கு என்பதைக் கையால் காட்டினால் போதும். உங்கள் மாஸ்க் மட்டும் எப்போதும் இறங்கக் கூடாது.

அடுத்தது தூரம். கிராப் சென்சார் (சின்ன சென்சார்) கேமராவில் 50 எம்எம் லென்ஸ் போட்டு மார்பளவு எடுத்தால் இருவருக்கும் நடுவே ஒன்றேகால் மீட்டர்தான் இருக்கும். 85 எம்எம் போட்டால் இரண்டு மீட்டரைத் தாண்டும். பத்தடி ரூமில் உங்கள் முதுகு சுவரில் இடிக்கும், பரவாயில்லை. மூக்கு பெருத்துத் தெரியாமல் முகமும் இயல்பாக வரும்.

ஆனால் ஜன்னலில்லாத ரூமில் தூரத்தை மட்டும் நம்ப முடியாது. மூச்சோடு வரும் நுண்துளிகள் அங்கேயே மிதக்கும். முந்தைய ஆள் போன பிறகும் அடுத்தவர் அதைத்தான் சுவாசிப்பார். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திப் பாருங்கள். அணைத்த பிறகும் புகை ரொம்ப நேரம் சுற்றிக்கொண்டே இருந்தால் உங்கள் ரூமில் காற்று நகரவில்லை என்று அர்த்தம். பின்சுவரில் உயரமாக ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், முன்னால் திறந்த கதவு, அவ்வளவுதான் வேண்டும். கட்டட ஓனர் சுவரைத் தொட விடமாட்டார் என்றால், கடை முகப்பில் மழை படாத இடத்தில் வெள்ளைத் துணியைக் கட்டி அங்கேயே எடுங்கள். ஜூலை மேகம் நம் ஊரில் வெளிச்சத்தை மென்மையாக்கும் பெரிய சாப்ட்பாக்ஸ் மாதிரி. லைட்டே தேவைப்படாத நாட்கள் உண்டு. வெள்ளை நீலம் பாயும் என்பதால் ஒயிட் பேலன்ஸை (கேமராவின் நிறச் சமநிலையை) அங்கேயே கிரே கார்டு என்ற சாம்பல் அட்டையை வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. குளிருக்காகக் கதவைச் சாத்திவிட்டுக் கரிக் கணப்பு வைப்பவர்களைப் பார்க்கிறேன். அது கொரோனாவைவிட வேகமாக ஆளை முடிக்கும். மணமில்லாத கார்பன் மோனாக்சைடு மலை ஊர்களில் தூக்கத்திலேயே உயிரை எடுத்திருக்கிறது. ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்து வையுங்கள்.

கேமரா, லென்ஸ் எல்லாவற்றையும் தினமும் சானிடைசர் போட்டுத் துடைக்கிறேன். கிருமியைக் கொல்லும் யூவி (புற ஊதாக் கதிர்) பெட்டி ஒன்றும் வாங்கலாமா?

இரண்டும் வேண்டாம். கைக்குப் போடும் ஜெல்லில் கிளிசரின் இருக்கும், கண்ணாடியில் படலம் விழும். யூவி-சி வெளிச்சம் நாளடைவில் ரப்பர் கிரிப்பையும் பிளாஸ்டிக்கையும் கெடுக்கும். மூடி சரியில்லாத பெட்டி என்றால் கண்ணுக்கும் தோலுக்கும் ஆபத்து. 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து, கேமராவை ஆஃப் செய்து, பாடி, டிரைபாட் கைப்பிடி, பிளாஷ் பட்டன்களைத் துடைத்தால் போதும். நேராக ஸ்ப்ரே அடிக்காதீர்கள். லென்ஸ் முன்கண்ணாடிக்கு லென்ஸ் கிளீனர் மட்டும். காலர் மைக்கின் ஸ்பாஞ்சை ஆளுக்கு ஆள் மாற்றுங்கள், அது வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் பொருள்.

பிளாஸ்டிக்கில் வைரஸ் 72 மணி நேரம்வரை இருக்கும் என்ற 2020 ஆய்வைப் படித்துவிட்டுத்தான் எல்லோரும் துடைக்க ஆரம்பித்தோம். அது லேப் கணக்கு. வைரஸ் படிந்த பொருளை ஒருமுறை தொட்டுத் தொற்று வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி 2021 ஏப்ரலில் சொல்லிவிட்டது. கையைக் கழுவுங்கள், மிச்ச நேரத்தைக் காற்றோட்டத்துக்குச் செலவிடுங்கள்.

கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் ஊரில்) ஆவணிக் கல்யாணம். 2021 விதிப்படி 50 பேர்தான் என்கிறார்கள், ஆனால் ஊரே வந்து நிற்கும். நாங்கள் ஐந்து பேர் டீம். எப்படிச் சமாளிப்பது?

முதலில் ஐந்தை மூன்றாக்குங்கள். அந்த 50-ல் உங்கள் தலையும் ஒன்று என்றே வைத்துக்கொள்ளுங்கள். சடங்குகளையும் நிற்கவைத்தும் எடுக்கும் டிரடிஷனல் ஒருவர், இயல்பான கணங்களை எடுக்கும் கேண்டிட் ஒருவர், வீடியோ ஒருவர். லைட் பிடிக்க ஆள் வேண்டாம், ஸ்டாண்டில் மாட்டி மணல் பை போடுங்கள்.

போகிற வழியையும் யோசியுங்கள். மண்டபத்தில் கவனமாக இருந்துவிட்டு, ஆம்னி வேனில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மாஸ்க்கை இறக்கிப் பேசிக்கொண்டே வளைவு ஏறுவதுதான் டீம் மொத்தமும் சேர்ந்து படுப்பதற்குச் சுலபமான வழி. குளிர்ந்தாலும் எதிரெதிர் கண்ணாடி இரண்டை நாலு விரல் இறக்கி வையுங்கள். சாப்பாடும் அப்படித்தான், பந்தியில் உட்காராமல் இலையை வாங்கிக்கொண்டு திண்ணைப் பக்கம் ஒதுங்கிவிடுங்கள்.

குரூப் போட்டோதான் பெரிய விஷயம். கூட்டத்தையே நெருங்கி நிற்கச் சொல்லி, மாஸ்க்கைக் கழற்றச் சொல்லி, சிரிக்கவும் சொல்லும் ஆள் கல்யாணத்தில் நாம் மட்டும்தான். ஆகவே பொறுப்பும் நமக்கு. மேடையில் எடுக்காதீர்கள், முற்றத்துக்கு இறக்குங்கள். ஒரு வீட்டார் முடிந்து அடுத்த வீட்டார் வரட்டும். மாமன் வீடும் சித்தப்பா வீடும் ஒரே பிரேமில் வேண்டாம். எல்லோரையும் மாஸ்க்கோடு நிறுத்தி, போகஸ் பார்த்து, “இப்போ கழற்றுங்க” என்று சொல்லி ஐந்து கிளிக். கத்தாதீர்கள், கத்தும்போது துளிகள் கூடும். இடுப்பில் கட்டும் சின்ன மைக்-ஸ்பீக்கர் இருந்தால் தொண்டைக்கும் நல்லது. பெரிய குடும்பப் படம் வேண்டும் என்று அடம்பிடித்தால், டிரைபாடில் கேமராவை நகர்த்தாமல் பகுதி பகுதியாக எடுத்து போட்டோஷாப்பில் சேர்க்கலாம். மேகம் ஓடும் நாளில் வெளிச்சம் மாறிவிடும், சீக்கிரம் முடியுங்கள்.

மணமகள் மேக்கப் ரூமில் கதவு சாத்தியிருந்தால் உள்ளே போகாதீர்கள். வாசலிலிருந்து 70-200 எம்எம் ஜூம் லென்ஸ் போதும்.

வர முடியாத தாத்தா பாட்டிக்காக யூடியூப் லைவ் கேட்கிறார்கள். எங்கள் பக்கம் சிக்னலே சந்தேகம்.

இரண்டு கம்பெனி சிம் எடுத்துக்கொண்டு, முகூர்த்தம் நடக்கும் அதே நேரத்தில் முந்தைய நாளே போய் அப்லோட் வேகத்தைச் சோதியுங்கள். விடாமல் 4 எம்பிபிஎஸ் வந்தால் 720பி ஓடும். அதற்குக் கீழே என்றால் 480பி-க்கு இறங்குங்கள். தாலி கட்டும்போது படம் உறைவதற்கு அது மேல். கார்டில் தனியாக ரெக்கார்டிங் ஓடட்டும்.

மே மாதக் கல்யாணம் ஊரடங்கால் நடக்கவில்லை. வாங்கின அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டுமா? செலவாகிவிட்டது.

“அட்வான்ஸ் திரும்ப இல்லை” என்று ரசீதில் அச்சடித்துவிட்டால் கதை முடிந்தது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56-வது பிரிவு, நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்கிறது. 65-வது பிரிவு, அதில் பெற்ற பலனைத் திருப்பித் தரவோ ஈடு செய்யவோ சொல்கிறது. பெரிய தொகை என்றால் வக்கீலைப் பாருங்கள். சின்னத் தொகைக்குத் தேதி மாற்றிக் கொடுப்பதுதான் இரு பக்கமும் தாங்கும் வழி. செலவாகிவிட்டது என்று நேராகச் சொல்லிவிட்டுத் தவணை கேளுங்கள், போனை எடுக்காமல் இருக்காதீர்கள். இந்த ஊரில் அடுத்த கல்யாணமும் அவர்கள் சொந்தத்தில்தான் வரும்.

இனி எழுதும் ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் இருக்கட்டும்: அரசு தடை வந்தால் ஒருமுறை இலவசமாகத் தேதி மாற்றம், ஆட்கள் எண்ணிக்கை குறைந்தால் பேக்கேஜ் எப்படி மாறும், நீங்கள் பாசிட்டிவ் ஆனால் யார் வந்து எடுப்பார்.

ஆல்பம் செலக்‌ஷனுக்கு வீட்டோடு வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். வராதே என்று சொல்ல முடியுமா?

சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு மானிட்டரைச் சுற்றி ஆறு பேர், மூன்று மணி நேரம், நடுவில் டீ. போட்டோ எடுப்பதைவிட ஆபத்து அதிகம். சின்ன சைஸில், வாட்டர்மார்க்கோடு, பைல் நம்பர் தெரிய டிரைவ் லிங்க் அனுப்பி, பிடித்த நம்பரை வாட்ஸ்அப்பில் கேளுங்கள். லிங்க் பழக்கமில்லாத பெரியவர்களுக்குப் பென்டிரைவ், டிவியில் போட்டுப் பார்க்கட்டும்.

கூடலூர். இரண்டு மாதம் ஸ்டுடியோ பூட்டிக் கிடந்தது. லென்ஸுக்குள் வலை மாதிரி தெரிகிறது. வெயிலில் வைக்கலாமா?

அது பூஞ்சை. முதலில் மற்ற லென்ஸ்களிலிருந்து பிரித்து வையுங்கள். வெயிலில் வைத்தால் உள்ளே இருப்பது போகாது, சூரியனை நோக்கித் திரும்பினால் அப்பர்ச்சர் இதழ் கருகிவிடும். கழற்றிச் சுத்தம் செய்பவரிடம் சீக்கிரம் கொடுங்கள். விட்டால் பூஞ்சை கோட்டிங்கை அரித்துவிடும்.

மிச்சத்தைக் காப்பாற்ற, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பத மீட்டர். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் காயவைத்து மறுபடி போடுங்கள். தோல் பையிலும் பீரோவிலும் வைக்காதீர்கள். அடுத்த ஊரடங்கு வந்தால் கேமராவை வீட்டுக்கு எடுத்துப் போய் வாரம் ஒருமுறை இயக்குங்கள்.

ஊட்டியில் இருவர் வேலை செய்கிறார்கள். ஒரு பையனுக்கு லேசான காய்ச்சல், “ஒண்ணுமில்லண்ணா, வந்துடறேன்” என்கிறான்.

சம்பளம் போய்விடுமே என்ற பயத்தில்தான் அப்படிச் சொல்கிறான். அன்றைய கூலி உண்டு என்று முதலில் சொல்லுங்கள், அப்புறம் ஆர்டிபிசிஆர் எடுக்க அனுப்புங்கள். பாசிட்டிவ் என்றால், 2021 விதிப்படி அறிகுறி தொடங்கியதிலிருந்து குறைந்தது 10 நாள், அதில் கடைசி 3 நாள் காய்ச்சல் இல்லாமல், வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. கடைசியாக அவனோடு போன ஆர்டர்காரர்களுக்கு நீங்களே போன் செய்யுங்கள். மற்றவர்களையும் தடுப்பூசிக்கு அழைத்துப் போங்கள். 2021-ல் கோவிஷீல்டு தடுப்பூசியின் இரண்டு டோஸுக்கு நடுவே 12 முதல் 16 வாரம் இருந்ததால் அந்த ஆவணிக்கு அப்போதே தாமதம்.

மாஸ்க் போட்டால் வியூபைண்டர் பனி படிகிறது. மூக்குக்குக் கீழே இறக்கிக்கொள்ளலாமா?

கூடாது. மூக்குக் கம்பியை நன்றாக அழுத்துங்கள், மேல் ஓரத்தில் மருத்துவ டேப் ஒட்டுங்கள். அப்படியும் படிந்தால் பின்திரையில் பார்த்து எடுக்கும் லைவ் வியூவுக்கு மாறிவிடுங்கள், பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால் கூடுதலாக ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.