உப்பு, சீனி குறைத்த பொருள்களால் உண்மையில் பலன் உண்டா?

சுங்கை சிப்புட்டில் இருக்கும் அம்மாவுக்காக உப்பு, சீனி குறைத்த பொருள்களை வாங்கலாமா, அதெல்லாம் வெறும் விளம்பரமா என்று கேட்டிருக்கிறீர்கள். பலன் உண்டு, ஆனால் எல்லாவற்றிலும் இல்லை.

நல்ல சான்று உப்பில்தான் இருக்கிறது. சீனக் கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரிடம் நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. அதில் பங்கேற்றவர்கள் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள், அல்லது 60 வயது ஆகி உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள். கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களிடம், வழக்கமான உப்பைச் சேர்த்தவர்களைவிடப் பக்கவாதம் 14 விழுக்காடு குறைவு. குழம்பும் ரசமும் வீட்டிலேயே வைக்கும் நம் தோட்டத்துக் குடும்பங்களுக்கு இது ரொம்பப் பொருந்தும்.

ஆனால் அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தால் அந்த உப்பிலுள்ள பொட்டாசியம் உடலில் தேங்கும், அது ஆபத்து. சில இரத்த அழுத்த மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றும். கிளினிக்கில் கேட்காமல் மாற்றாதீர்கள். நீரிழிவால் சிறுநீரகம் கெட்டவர்கள் நம்மிடையே நிறைய, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

சீனி விஷயம் வேறு. மலேசியாவில் 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள குளிர்பானங்களுக்கு 2019 ஜூலை முதல் வரி உண்டு. சரி, அந்த வரம்புக்குள் நிற்கும் 320 மில்லி டின்னிலும் 16 கிராம் வரை இருக்கலாம், அதாவது நான்கு தேக்கரண்டி! சீனி குறைத்த பிஸ்கட்டிலும் மாவு அப்படியேதான் இருக்கிறது, இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

அம்மா கடையில் தேநீர் குடிப்பவர் என்றால், டின் பாலும் சீனியும் சேர்க்காத தே ஓ கோசோங்கிலிருந்து தொடங்குங்கள்.