கேளுங்கள், சொல்கிறேன்: மூங்கில் காயும் மாதத்துத் திருவிழா

கேள்வி: மிசோரத்திலும் மலையில் நெல் விளைகிறதாமே. நம் பொங்கல் மாதிரி அவர்களுக்கும் அறுவடை விழாதான் பெரிய விழாவா?

பதில்: அறுவடைக்கும் ஒரு விழா உண்டு. ஆனால் ஊரே அமர்க்களப்படுவது மார்ச்சில் வரும் சாப்சார் குட்டுக்குத்தான். 'குட்' என்றால் விழா. அந்த நேரத்தில் நிலத்தில் ஒரு நெல்மணி இருக்காது. சொல்லப்போனால் நிலமே தயாராகியிருக்காது. சரிவு முழுக்க வெட்டிப்போட்ட மூங்கிலும் மரமும் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும்.

அங்கே பரம்பரையாக நடப்பது ஜூம் சாகுபடி. குளிர்காலக் கடைசியில் காட்டை வெட்டி, காயவிட்டு, தீ வைத்து, மழைக்கு முன் அந்தச் சாம்பல் மண்ணில் விதைப்பார்கள். இதில் ஆளைக் காவு வாங்கக்கூடியது முதல் வேலைதான். செங்குத்துச் சரிவில் கால் வழுக்கலாம், சாய்கிற மரம் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. அதை நல்லபடியாக முடித்துவிட்டால், வெட்டியது காயும்வரை கையில் வேலை இல்லை. விதைத்த பிறகோ களை பிடுங்கவே நேரம் போதாது. ஆடுவதற்கு இதைவிட்டால் வேறு சமயம் ஏது? விளைந்து வீடு சேருமா என்று தெரியாத நேரத்திலேயே கொண்டாடிவிடும் இந்தத் துணிச்சல் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சாப்சார் குட்டைத் தவிர இன்னும் இரண்டு குட் உண்டு. மக்காச்சோளம் விளையும் ஆகஸ்ட், செப்டம்பரில் வருவது மிம் குட். முதல் விளைச்சலை இறந்துபோனவர்களுக்குப் படைப்பார்கள். டிசம்பர் வாக்கில், நெல் அறுத்த பிறகு, பாவ்ல் குட். அதில் தாயும் பிள்ளையும் மேடையில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் இறைச்சியும் முட்டையும் ஊட்டிக்கொள்வார்கள்.

கேள்வி: மூங்கில் நடனத்தில் கால் மாட்டிக்கொள்ளாதா?

பதில்: மாட்டும், வலிக்கும்! சேராவ் என்பது அதன் பெயர். ஆண்கள் எதிரெதிரே குந்தி உட்கார்ந்து, மூங்கில்களை இணை இணையாகத் தட்டித் தட்டி விரிப்பார்கள்; பெண்கள் அந்த இடைவெளியில் கால் வைத்து எடுப்பார்கள். மிசோரத் தலைநகர் ஐஸ்வாலில் நான் வேலை பார்த்தபோது பிள்ளைகள் பழகுவதைப் பார்த்திருக்கிறேன். முதலில் மூங்கில் அசையாமல் தரையில் கிடக்கும், வெறும் அடி மட்டும்தான். அப்புறம் மெதுவாகத் தட்டுவார்கள். புதிதாக ஆடும் பெண் குனிந்து தன் காலையே பார்ப்பாள். தேறியவள் நிமிர்ந்து எங்கோ பார்த்துக்கொண்டு ஆடுவாள், அவளுக்குக் காது போதும். ஆண்கள் தாளம் தப்பினால்தான் ஆபத்து. பேர் வாங்குவது என்னவோ பெண்கள்; என் கைதட்டலில் பாதி உட்கார்ந்திருப்பவர்களுக்கு.

பிரசவத்தில் இறந்த பெண்ணின் ஆவி நல்லபடியாகக் கரை சேர ஆடிய சடங்கு இது என்பார்கள். 2010 மார்ச் 12 அன்று ஐஸ்வாலில் 10,736 பேர் சேர்ந்து ஆடி கின்னஸில் இடம்பிடித்தார்கள்.

கேள்வி: சேராவ் தவிர வேறு ஆட்டங்கள் உண்டா?

பதில்: நிறைய. சாப்சார் குட்டுக்கே உரியது சாய் நடனம். ஆணும் பெண்ணும் மாறி மாறி நின்று வட்டம் கட்டுவார்கள். பெண்களின் கை பக்கத்து ஆணின் இடுப்பில், ஆண்களின் கை பெண்ணின் தோளில். நடுவில் முரசும் மிதுன் மாட்டுக் கொம்பும் தாளம் போடும். பெரிய விருந்துக்கு வெளியூரிலிருந்து வந்த விருந்தாளிகள், துணியைப் போர்த்திக்கொண்டு ஆடியபடியே களத்துக்குள் நுழைவது குவால்லாம். போரில் வெற்றி பெற்றவர்களின் ஆட்டம் சர்லாம்காய்.

கேள்வி: பெரும்பாலோர் கிறிஸ்தவர்களான பிறகும் இதெல்லாம் எப்படித் தப்பியது?

பதில்: ஒரேயடியாகத் தப்பவில்லை. 1894-இல் மிஷனரிகள் வந்த பிறகு பழைய சடங்குகளும், விழாவில் ஓடிய 'சூ' என்ற அரிசி மதுவும் சபைக்கு ஆகாதவையாயின. விழாக்களும் கூடவே மங்கின. 1962-இல் ஐஸ்வாலில் சாப்சார் குட்டைப் பெரிதாக நடத்தினார்கள்; 1973-இலிருந்து தொடர்ந்து நடக்கிறது, பலியும் மதுவும் இல்லாமல். சாரம் போய்விட்டது என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. பாட்டும் அடியும் மிச்சமிருக்கிறதே என்பது என் கட்சி.

கேள்வி: நேரில் பார்க்க ஆசை. எப்போது போகலாம்?

பதில்: மார்ச் முதல் வெள்ளிக்கிழமையை ஒட்டி ஐஸ்வாலில் இருங்கள். வெளிமாநிலத்தவருக்கு ஐ.எல்.பி. என்ற உள்நுழைவு அனுமதி கட்டாயம். விமானத்தில் போனால் லெங்புய் விமான நிலையத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். தங்குமிடத்தை மட்டும் முன்கூட்டியே பிடித்துவிடுங்கள்.