அதிர்வலைச் சிகிச்சையால் இதய அடைப்பு நீங்குமா?

கோணேசர் கோயில் ஏற்றத்தில் பாதி வழியிலேயே அப்பாவுக்கு நெஞ்சு இறுக்குகிறது, பைபாஸுக்குப் பதில் அதிர்வலைச் சிகிச்சை போதுமா என்று திருகோணமலையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

அடைப்பு நீங்காது. இதை முதலில் மனதில் வையுங்கள்.

சிறுநீரகக் கல்லை உடைக்கிற அதே வகை அலைதான், ஆனால் வலு பத்தில் ஒரு பங்கு அளவே. படுக்க வைத்து, நெஞ்சில் ஜெல் பூசி, எக்கோ ஸ்கேனில் இதயத்தில் இரத்தம் குறைவாக ஓடும் பகுதியைப் பார்த்து அங்கே அலையை விடுவார்கள். ஒவ்வொன்றும் ஈசிஜியில் தெரியும் துடிப்போடு ஒத்துப்போக வேண்டும்; நேரம் தவறினால் இதயத்தின் தாளம் குழம்பலாம். அந்த மெல்லிய தட்டலில் தசைக்குள் புதிய நுண்குழாய்கள் முளைக்கும் என்பதுதான் எதிர்பார்ப்பு. வழக்கமாக 3 மாதத்தில் 9 அமர்வுகள்.

சிறிய ஆய்வுகளில் நெஞ்சு நோ குறைந்திருக்கிறது. ஆயுள் கூடும் என்பது நிரூபணமாகவில்லை. ஸ்டென்ட், பைபாஸ் எதற்கும் வழியில்லாமல், மருந்தையும் மீறி வலிக்கிறவர்களுக்குத்தான் இதை யோசிக்கலாம். அப்பாவுக்கு பைபாஸ் செய்யலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தால், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், சும்மா இருக்கும்போதே வலி வந்து, நாக்கின் கீழ் வைக்கும் குளிசைக்கும் 5 நிமிடத்தில் அடங்காவிட்டால், ஆட்டோ தேடாமல் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள்.