அவலரக்கும் சானிடைசரும்

அன்புள்ள ஐயா,

திருமங்கலத்தில் ஒரு பழைய மைக் செட்காரர் வீட்டில் நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய இசைத்தட்டுகள், அதாவது 78 ரிக்கார்டுகள், முப்பது வாங்கினேன். நாலைந்து ஜாஸ். சானிடைசர் போட்டுத் துடைத்து, பின்னால் வந்த பிளாஸ்டிக் தட்டுகளுக்கான என் எல்பி பிளேயரில் ஓட்டினால் ஒரே இரைச்சல். இப்போது ஜாஸ் டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ எல்பி, முதல் பதிப்பு, விலைக்கு வருகிறது. வாங்கலாமா, மறுபதிப்பு போதுமா? ஜாஸ் புரிய எதைப் படிக்க வேண்டும்?

ர., திருமங்கலம்

அன்புள்ள ர.,

சானிடைசரா! அந்த இடத்தில் கடிதத்தை மூடிவிட்டு, டீ குடித்துவிட்டு வந்துதான் மிச்சத்தைப் படித்தேன்.

முதல் பதிப்பு விஷயம் சுலபம். 1959 அச்சில் முதல் பக்கம் முழுக்கச் சுருதி ஒரு இழை ஏறியிருக்கும். பதிவு மெஷின் அன்று கொஞ்சம் மெதுவாக ஓடிவிட்டது, அதைச் சரியான வேகத்தில் போட்டால் சுருதி ஏறத்தானே செய்யும்? 1992 மறுபதிப்பில்தான் திருத்தினார்கள். அப்புறம் உங்கள் காசு, உங்கள் இஷ்டம்.

ஆனால் 78 பிளாஸ்டிக் இல்லை ஐயா, அரக்கு. நாற்காலிக்குப் பாலீஷ் போடும் ஆசாரி அவலரக்கை எதில் ஊறவைக்கிறார்? ஸ்பிரிட்டில். ஏன்? அதில்தான் கரையும். உங்கள் சானிடைசரில் இருப்பதும் அந்த ஆல்கஹால்தான். ஊசியும் தப்பு. 78-ன் பள்ளம் அகலமானது. அதற்கான ஊசிமுனையின் ஆரம் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு இருக்கும். எல்பி ஊசிக்கு ஒரு பங்கு, இல்லை அதற்கும் கீழே. அது சுவரைச் சரியாகத் தொடாமல் அடியில் கிடக்கும் குப்பையில் இழுபடும். நீங்கள் கேட்டது ஜாஸ் இல்லை, திருமங்கலத்துப் புழுதி.

என் மாமா உசிலம்பட்டிப் பக்கம் மைக் செட் வைத்திருந்தார். கீ கொடுப்பதும் ஊசி மாற்றுவதும் என் வேலை. பக்கத்துக்கு ஒரு ஊசி என்பது கணக்கு. மாமா ஒரே ஊசியில் பத்துப் பக்கம் ஓட்டுவார். கறுப்புத் தட்டு சாம்பல் பூத்துவிடும். அது தேய்மானம், துடைத்தால் போகாது.

அவரிடம் ஒரே ஒரு இங்கிலீஷ் பிளேட் இருந்தது. மில் துரை யாரோ ஊருக்குக் கிளம்பும்போது விற்றது என்பார். குழாய் கட்டி முடித்ததும் சோதித்துப் பார்க்க அதைத்தான் போடுவார். முதலில் துணைக்கு யாருமில்லாமல் ஒற்றை டிரம்பெட், பத்துப் பன்னிரண்டு செகண்டு, விறுவிறுவென்று ஏறி இறங்கும். முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் உச்சியில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஒரு காதுகுத்து வீட்டில் நாயனம் வாசிக்க வந்த பெரியவர், பிசைந்த சோற்றோடு தலையைத் தூக்கி, “எங்கடா மூச்சு விட்டான் இவன்?” என்றார். கழுவாத கையோடு எழுந்து வந்து, “இன்னொருக்கா போடு” என்றார். எம்ஜிஆர் பாட்டுக்கு ஆள் காத்திருக்கிறது என்று சொல்லிவிட்டார் மாமா. ஜாஸ் புரிய எதைப் படிப்பது என்று அந்தப் பெரியவரிடம் கேட்டிருந்தால் இலையை வீசியிருப்பார்.

1928 ஜூனில் சிகாகோவில் லூயி ஆம்ஸ்ட்ராங் பதிவு செய்த ‘வெஸ்ட் எண்ட் புளூஸ்’ அது என்று எனக்குத் தெரிய இருபது வருஷம் ஆனது. பத்து அங்குலத் தட்டில் பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம்தான். நாயனத்தில் மணிக்கணக்கில் தோடி ராகம் வாசித்த ராஜரத்தினம் பிள்ளைக்கும் அதே அளவுதான்.

மாமாவுக்குப் பிறகு அந்தத் தட்டு என்னிடம் வந்தது. பளபளவென்று ஆக்கிவிடலாம் என்று பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து ஒரு சுற்றுத் தேய்த்தேன். பஞ்சு கறுத்துக்கொண்டே வந்தது. அழுக்குப் போகிறது என்ற சந்தோஷத்தில் இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

சரி, உங்களுடையதில் எத்தனை பிழைத்திருக்கின்றன என்று பார்ப்போம். இனிமேல் தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு, அதுவும் லேபிள் நனையாமல். ஞாயிற்றுக்கிழமை மதியம் எடுத்துக்கொண்டு மதுரைக்கு வாருங்கள். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், மேலே போட்டுவிடாதீர்கள். ஊசி என்னிடம் இருக்கிறது.