நகர்ந்துகொண்டே சுழலும் பொருளுக்கு அச்சு எங்கே?

கேள்வி: ஒரு திண்மப் பொருள் நகர்ந்துகொண்டே சுழலும்போது அதன் சுழற்சி அச்சை எப்படிக் கண்டுபிடிப்பது? அது எப்போதும் நிறை மையம் வழியாகத்தான் போகுமா?

பதில்: போக வேண்டிய கட்டாயமே இல்லை. நிறை மையத்தை வைத்துக் கணக்குப் போடுவது வசதி, அவ்வளவுதான். நீங்கள் தேட வேண்டியது, அந்தக் கணத்தில் எந்தப் புள்ளிகளின் திசைவேகம் சுழியாக இருக்கிறது என்பதை. அந்தப் புள்ளிகள் சேர்ந்த கோடுதான் அந்தக் கணத்தின் அச்சு.

ஒரே தளத்தில் நடக்கும் இயக்கம் என்றால் வேலை சுலபம். அச்சைச் சுற்றும் எந்தப் புள்ளியும் அச்சோடு அதை இணைக்கும் கோட்டுக்குச் செங்குத்தாகத்தான் நகரும், அதனால் ஏதாவது இரண்டு புள்ளிகளின் திசைவேகத் திசை தெரிந்தால் ஒவ்வொன்றிலும் அந்தத் திசைக்குச் செங்குத்தாக ஒரு கோடு போடுங்கள், இரண்டும் வெட்டும் இடத்தில் அச்சு இருக்கிறது. சுவரில் சாய்ந்த ஏணி நழுவுகிறது என்று வையுங்கள். மேல் முனை சுவரை ஒட்டிக் கீழே இறங்குகிறது, கீழ் முனை தரையோடு விலகுகிறது. மேலிருந்து கிடைமட்டமாகவும் கீழிருந்து நேர் மேலாகவும் கோடு போட்டால் அவை சந்திப்பது ஏணியிலேயே இல்லை, வெளியே வெற்றிடத்தில்! ஏணி நழுவ நழுவ அந்தப் புள்ளியும் இடம் மாறும், சுவரும் தரையும் சேரும் மூலையை மையமாகவும் ஏணியின் நீளத்தை ஆரமாகவும் கொண்ட வட்டத்தில்.

சரி, இரண்டு செங்குத்துக் கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்துவிட்டால்? அப்போது வேகத்தின் அளவும் வேண்டும். 1 மீட்டர் தண்டின் முனைகள், தண்டுக்குச் செங்குத்தாக ஒரே பக்கம், நொடிக்கு 2 மீட்டர், 6 மீட்டர் என்று நகர்ந்தால் கோணத் திசைவேகம் (அதாவது சுழலும் வேகம்) (6 − 2) ÷ 1, நொடிக்கு 4 ரேடியன். மெதுவான முனையைத் தாண்டி 2 ÷ 4, அரை மீட்டரில் அச்சு. இரண்டு வேகமும் சமமென்றால் சுழற்சியே கிடையாது.

பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நழுவாமல் உருளும் சக்கரத்தில் தரையைத் தொடும் புள்ளிதான் அச்சு, ஆனால் சக்கரத்தோடு கூடவே நகர்ந்து பார்ப்பவருக்கு அச்சு அதன் நடுவில். இரண்டுமே சரி. பார்ப்பவரைப் பொறுத்து அச்சு மாறும், கோணத் திசைவேகம் மாறாது (பார்ப்பவர் தானும் சுழலாதவரை). அப்புறம், தொடும் புள்ளிக்குத் திசைவேகம்தான் சுழி, முடுக்கம் இல்லை. சீராக உருளும்போதும் மையத்தை நோக்கி முடுக்கம் இருக்கும்.

முப்பரிமாணத்தில் அசையாத புள்ளி ஒன்றுகூட இல்லாமல் போகலாம். ஏதாவது ஒரு புள்ளியின் திசைவேகத்துக்கும் கோணத் திசைவேகத்துக்கும் (அதன் திசை சுழற்சி அச்சின் வழியே) புள்ளிப் பெருக்கல் (இரண்டும் செங்குத்தாக இருந்தால் சுழி தரும் பெருக்கல்) போட்டுப் பாருங்கள். சுழி வந்தால் உண்மையான அச்சு இருக்கிறது. வராவிட்டால் பொருள் திருகாணிபோல ஒரு கோட்டைச் சுற்றிக்கொண்டே அந்தக் கோட்டின் வழியாகவும் நகர்கிறது; இத்தாலியக் கணித அறிஞர் மோட்சி 1763-லும் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஷால் 1830-லும் எழுதியது இதைத்தான்.