ஜீப்போடு ஒரு தீவுக்கு

கேள்வி: பிள்ளைகளோடு ஃபோர்வீல் ஜீப்பில் போய், தீவொன்றில் கூடாரம் அடித்து இரண்டு நாள் தங்க ஆசை. நெடுந்தீவு சரிவருமா? - வாசகர், கிளிநொச்சி

பதில்: நெடுந்தீவுக்குக் குறிகாட்டுவானில் படகு ஏற வேண்டும், ஜீப்பையும் கொண்டு போவது பெரிய தலையிடி. மன்னாருக்குப் போங்கள். பூநகரியால் ஏ32 பாதையைப் பிடித்தால் பாலத்தால் ஓடியே தீவுக்குள் இறங்கலாம். கடற்கரை மணலில் இறங்க முதல் டயர்க் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்குக் குறையுங்கள், திரும்பித் தார் றோட்டில் ஏறினதும் அடிக்கப் பம்ப் வேண்டும் (நான் ஒருமுறை அதை விறாந்தையிலேயே விட்டுவிட்டுப் போனேன்). சோளகக் காற்று வீசினால் மணலில் கூடார முளை நிற்காது, உரப்பையில் மணலை நிரப்பிக் கயிற்றைக் கட்டிப் புதையுங்கள். தங்குமிடத்துக்குக் கிராம அலுவலரிடம் ஒரு சொல் கேளுங்கள். அப்புறம், பாணை வெளியே வைக்காதீர்கள், மன்னார்க் கழுதைகள் விடாது.